முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், வண்ணம் பிறகு பூசலாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், முகாம் நடக்கும் ஊரில் வறிய குடும்பம் ஒன்றின் வீட்டைச் சீரமைத்துக் கொடுத்த செய்திகள் நாளிதழ்களில் படத்துடன் வருகின்றன. படத்தில் சுவர் புதுச் சாயத்தில் மின்னும். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்த பிறகு அதே வீட்டுக்குப் போனால், தரையிலிருந்து இடுப்பளவு வரை வண்ணம் உரிந்து தொங்குவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பிள்ளைகளின் உழைப்பில் குறையே இல்லை. வேலையின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. கட்டுமான வேலையில் இருப்பவர்கள், முகாம்களை நடத்தியவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறோம்.

இத்திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். இதைத் தவிர ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. சிக்கல் இந்த ஏழு நாளில்தான் தொடங்குகிறது. முதல் நாள் பழைய பூச்சைக் கொத்துகிறார்கள், இரண்டாம் மூன்றாம் நாளில் புதிதாகப் பூசுகிறார்கள், ஐந்தாம் நாள் வண்ணம், ஏழாம் நாள் நிறைவு விழா. சிமென்ட் அந்த நிரலுக்குக் கட்டுப்படாது. பூச்சு வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. எனப்படும், எரிசாம்பல் போன்றவை கலந்த சிமென்ட், அதற்குப் பத்து நாள் வேண்டும். அதன்பின் சுவர் காய வேண்டும். எமல்ஷன் பூசுவதற்கு முன் புதுப் பூச்சுக்கு 28 நாள் விடுவது வழக்கம். அதற்குள் பூசினால் உள்ளே இருக்கும் ஈரமும் காரத்தன்மையும் சாயத்தைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

எனவே முகாம் என்பது மூன்று நான்கு மாத வேலையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். வீட்டைப் பார்வையிட மிகச் சரியான காலம் மழைக்காலமே. நவம்பரில் போனால் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, வாசலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வீடே காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார் வேலையைப் பொங்கலை ஒட்டி முடித்து, நனைத்து, காயவிட்டுப் பிப்ரவரி பிற்பகுதியில் முகாம் போட்டால் வண்ணம் நிற்கும். காலாண்டு விடுமுறையில் முகாம் போடும் மேல்நிலைப் பள்ளிகள், பருவமழை நெருங்கும் அந்த நேரத்தில் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். கூரை, மழைநீர்க் குழாய், வீட்டைச் சுற்றியுள்ள வடிகால் ஆகிய மூன்றை மட்டும் சரிசெய்தால் அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய உதவி.

மாணவர்கள் கையில் எடுக்கும் வீடுகளில் பல, பழைய தொகுப்பு வீடுகளாகவோ காலனி வீடுகளாகவோ இருக்கும். ஏறக்குறைய 270 சதுர அடி, 9 அங்குலச் செங்கல் சுவர், 4 அங்குலக் கான்கிரீட் தளம். இவற்றில் ஆபத்து இருப்பது தலைக்கு மேலே. கம்பிக்கு அடியில் போதிய கனத்தில் கான்கிரீட் மூடாமல் விட்டிருப்பார்கள். மேலே தேங்கும் தண்ணீர் கசிந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். காரை பெயர்ந்து விழுகிறது என்று மக்கள் சொல்வது இதைத்தான். நாகப்பட்டினம், ராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புத் தண்ணீரில் கலவை குழைத்த வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். இன்றும் அங்கே செய்யும் பழுதுபார்ப்புக்குக் குடிக்கத் தக்க தண்ணீரையே குழைக்கவும் நனைக்கவும் பயன்படுத்த வேண்டும்.

பார்வையிடும்போது சிறு சுத்தியலின் பின்புறத்தால் தளத்தின் அடிப்பாகத்தை அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் கான்கிரீட் பிடிப்போடு இருக்கிறது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டங்கள் தளத்தின் பெரும்பகுதியை மூடினாலோ, கம்பி விரலால் தேய்த்தால் உதிரும் அளவுக்கு மெலிந்திருந்தாலோ அது மாணவர் வேலை அல்ல. கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பக்கத்துப் பாலிடெக்னிக்கின் சிவில் துறை ஆசிரியரைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அப்படி வீடு கை கடந்துவிட்டிருந்தால், சுவருக்கு வண்ணம் பூசுவது அந்தக் குடும்பத்தை ஆபத்துக்கு அடியில் உட்கார வைப்பதாகிவிடும். அங்கே மாணவர்கள் செய்யக்கூடிய பெரிய சேவை மனு எழுதுவது. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பழைய அரசுத் திட்ட வீடுகளைப் பழுதுபார்க்கவும் தனியாக ஒரு திட்டம் வந்தது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று உண்டா, ஒன்றிய அலுவலகப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு சிமென்ட் மூட்டை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வாடகை வீடு என்றால் சீரமைப்பு முடிந்ததும் வாடகையை ஏற்றியோ காலி செய்யச் சொல்லியோ உரிமையாளர் பலனை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எழுத்தில் உறுதி வாங்காமல் தொடக்கூடாது.

தளம் தேறும் என்றால் முறை இதுதான். முதலில் குடும்பமும் சாமான்களும் வெளியே. சவுக்கு மரத்தாலோ இரும்பு ஜாக்கியாலோ முட்டு கொடுத்த பிறகே கொத்த வேண்டும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் ஆழம் வரை நலிந்த கான்கிரீட்டை எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் பூசி, பிடிப்புக்கான பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை 10 முதல் 15 மி.மீ. கனத்தில் ஒரு படலம் இறுகிய பின் அடுத்த படலமாக ஏற்ற வேண்டும். இதை அனுபவமுள்ள கொத்தனார் செய்யட்டும். அவருக்குக் கூலியை முழுதாகக் கொடுங்கள். சேவை என்ற பெயரில் ஓர் ஏழைக்கு உதவ இன்னொரு ஏழையின் மூன்று நாள் கூலியைக் கேட்பது நியாயமில்லை. இந்தப் பழுதில் நடக்கும் கொடுமையான தவறு, துருப்பிடித்த கம்பியின் மேல் வெறும் சிமென்ட் கலவையை அப்பி வெள்ளையடித்துவிடுவது. சில மாதங்களில் அது பாளமாக விழும். அதுவரை ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். தூங்கும் குழந்தையின் மேல் விழக்கூடிய பாளம் அது.

மேல்தளத்துக்கு வருவோம். ஒழுகுகிறது என்றதும் பழைய சுர்க்கி (செங்கல் தூள், சுண்ணாம்பு) தளத்தின் மேலேயே புதிதாக இன்னொரு தளம் போடச் சொல்கிறார்கள். 270 சதுர அடியில் 3 அங்குலக் கனத்துக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட்டால் மூன்றரை டன் எடை கூடும். ஏற்கெனவே கம்பி நலிந்த தளம் அதைத் தாங்காது. தண்ணீர் கட்டிச் சோதிப்பதும் அப்படித்தான், ஓர் அங்குலத் தண்ணீரே 630 கிலோவுக்கு மேல் வரும். வலுவான தளத்தில் செய்யலாம், கம்பி தெரியும் தளத்தில் கூடாது. மாடியைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு எடுப்பது மாணவர்களுக்கு ஏற்ற வேலை. மேலே வெட்டிவிட்டு வேரை விட்டால் அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும். வேர் நின்ற பிளவைப் பிளந்தே எடுத்து அடைக்க வேண்டும். விரிசல்களை ஆங்கில 'வி' வடிவில் சற்றே அகலப்படுத்தித் தூசி ஊதி அடைத்த பின்பு, நீர்த்தடுப்புப் பூச்சை முதல் கோட்டிங் நீளவாக்கிலும் இரண்டாவது கோட்டிங் குறுக்குவாக்கிலும் அடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் அதிகம் கசியும் இடம். அங்கே ஃபைபர் வலை வைத்துச் சுவரில் ஓர் அடி உயரம் வரை பூச்சை ஏற்றுங்கள்.

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது மழைநீர்க் குழாய். பழைய வீடுகளில் மாடித் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவரைவிட்டு நான்கு விரல்கூட நீண்டிருக்காது. அந்தத் தண்ணீர் முழுவதும் சுவரோடு வழிந்து அடியில் அஸ்திவாரத்தில் இறங்கும். 4 அங்குல பி.வி.சி. குழாயைப் பொருத்தி, தரை வரை இறக்கி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டால் ஒரு பக்கச் சுவரே பிழைக்கும். சன்ஷேடின் அடியில் முன் ஓரத்தில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான பள்ளக்கோடு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பாகத்தோடு ஊர்ந்து சன்னல் சுவருக்கு வரும். கொத்தனாரிடம் அதையும் ஒரு மணி நேரத்தில் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

ஓட்டு வீடு என்றால் 100 சதுர அடிக்கு 140 முதல் 150 மங்களூர் ஓடு பிடிக்கும். ஒவ்வொரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் விளிம்பும் வேறு, ஒன்றோடொன்று கவ்வாது. மாதிரிக்கு ஓர் ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஓடு விற்கும் இடத்தில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். உடைந்த ஓட்டை வீட்டுக்குள் ஏணி போட்டு உள்ளிருந்தே மாற்றலாம். ஓட்டின் மேல் நடந்தால் ஒன்றை மாற்றப் போய்ப் பத்து உடையும். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரைக் கரையான் தின்றிருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பார்த்துவிட்டே ஓடு வாங்கப் போக வேண்டும்.

தகரக் கூரையில் ஆணியும் போல்ட்டும் தகட்டின் மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். வாஷர் இல்லாத போல்ட் ஒவ்வொன்றும் ஓர் ஒழுகல். ஓரத்து வரிசைகளில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் போன்ற காற்று, கூரையை ஓரத்திலிருந்துதான் பிடித்துத் தூக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாணவர்கள் சுரண்டவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. மேலே ஏறினால் உடைந்து உள்ளே விழுவார்கள்.

இனிச் சுவர். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசக்கூடாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, வண்ணம் நிற்காது. தரையிலிருந்து மூன்றடி வரை கோடு கட்டியதுபோல் கறையும் வெள்ளையாக உவரும் பூத்திருந்தால் அது அடியிலிருந்து ஏறுவது. நம் ஊர்களில் இதற்கு முக்கியமான காரணம் ஒன்றுண்டு. தெருவில் பழைய சாலையைப் பெயர்க்காமல் மேலே மேலே போடுவதால் வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்துபோகிறது. இதை வீட்டுக்குள் எந்தப் பூச்சாலும் தீர்க்க முடியாது, வெளியே தண்ணீரைத் திருப்ப வேண்டும்.

அதனால் வீட்டைச் சுற்றி 2 அடி அகலத்தில் கான்கிரீட் ஓரத்தளம் போடுவதை முகாமின் தலையாய வேலையாக வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. முகாமுக்கு வரும் ஐம்பது பேருக்கும் வேலை இருக்கும், உயரம் ஏற வேண்டியதில்லை, பலன் நீடிக்கும். 15-க்கு 18 அடி வீட்டுக்கு, 3 அங்குலக் கனத்தில், 1:3:6 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் போட ஏறக்குறைய 5 மூட்டை சிமென்ட், 18 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 36 கன அடி 20 மி.மீ. ஜல்லி போதும். மண்ணை வெட்டிச் சமன் செய்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும். இடிக்காத மண் மேல் போட்டால் முதல் மழையிலேயே தொங்கி வெடிக்கும். சுவரிலிருந்து வெளிப்பக்கம் 2 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு விடுங்கள். சரிவு உள்பக்கம் சாய்ந்துவிட்டால் போடாமல் இருப்பதே மேல்.

பூச்சில் உப்புக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை ஆறவிடுங்கள். மண் சாந்தில் கட்டிய சுவர் என்றால் அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு பிடிக்காது. ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை அதற்கு ஏற்றது. செங்கல் சுவருக்கு 12 மி.மீ. கனத்தில் 1:5 கலவை பூச 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்ட்டும் 5 முதல் 6 கன அடி பி-சாண்டும் (பூச்சுக்கென்றே செய்யும் நுண்மணல்) வேண்டும். பூச்சுக்கு எம்-சாண்டை இறக்கிவிட்டுப் பின்னால் பரபரவென்று இருக்கிறதே என்று கவலைப்படுவது அடிக்கடி நடக்கிறது. மாணவர் கூட்டம் உற்சாகத்தில் ஒரே நேரத்தில் மூன்று மூட்டையைக் குழைத்துவிடும். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்குத்தான் குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டால் வலு போய்விடும். அன்பளிப்பாக வரும் சிமென்ட்டின் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் கிடந்தால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கையில் நசுக்கினால் பொடியாகாத கட்டி இருந்தால் ஓரத்தளத்துக்குக்கூட வேண்டாம்.

வண்ணம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். பழைய சுண்ணாம்பின் மேல் நேரடியாக எமல்ஷன் பூசினால் சுண்ணாம்போடு சேர்ந்து உரியும், முழுக்கச் சுரண்ட வேண்டும். இத்தகைய வீட்டில் உள்சுவர் 700 சதுர அடி, வெளிச்சுவர் 600 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவரில் இரண்டு கோட்டிங்குக்கு உள்ளே 8 லிட்டர், வெளியே 12 லிட்டர் பிடிக்கும். பிரைமர் தனி. ஈரம் முழுதாகப் போகாத சுவருக்கு எமல்ஷனைவிடச் சுண்ணாம்பே நல்லது, சுவர் மூச்சுவிடும், செலவும் குறைவு. சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முதல் நாளே பெரியவர் ஒருவர் நீற்றி, துணியில் வடிகட்டி வைத்துவிட வேண்டும்.

மின்சாரத்தில் மாணவர் கை படவே கூடாது. ஈரச் சுவரில் பழைய ஒயர் ஓடும் வீடுகள் இவை. கொத்தும் முன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கி முகாம் அலுவலர் கையில் வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு எர்த் கம்பியைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். பணம் குறைந்தால் வெளிச்சுவர் வண்ணத்தைக் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வோம்.

ஆள் பிரிப்பு இன்னொரு பெரிய விஷயம். 270 சதுர அடிக்குள் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் நின்றால் வேலை ஓடாது, விபத்துதான் நடக்கும். மற்றவர்களுக்கு மணல் சலித்தல், ஓரத்தளம், குழாய்ப் பள்ளம், நனைக்கும் முறை என்று சுழற்சியில் பிரித்துக் கொடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சாரத்தில் ஏற்றாதீர்கள். சிமென்ட்டில் வெறுங்கால் வேண்டாம், தோலை அரிக்கும். மாணவிகளைப் பெருக்கவும் சமைக்கவும் மட்டும் நிறுத்துவது பல முகாம்களில் வழக்கமாக இருக்கிறது. கட்டட வேலையில் காலமெல்லாம் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்கள் சித்தாளாகவே ஓய்ந்துபோகிறார்கள், கரண்டியை அவர்கள் கையில் யாரும் கொடுப்பதில்லை. கல்லூரி முகாமிலாவது கொத்தனாரின் பக்கத்தில் நின்று கரண்டியும் மட்டப்பலகையும் பிடிக்க மாணவிகளுக்கு இடம் கொடுங்கள்.

குடும்பத்தைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும், முக்கியமாக வீட்டுப் பெண்களை. அடுப்பு எந்தப் பக்கம், மழையில் அரிசிப் பானையை எங்கே நகர்த்துகிறார்கள், எந்த மூலையில் படுக்க முடியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வேலை நடக்கும் நாட்களில் அவர்கள் தங்கவும் சமைக்கவும் இடம் ஏற்பாடு செய்த பிறகே முதல் சுத்தியல் விழ வேண்டும். ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் அவர்கள் கையிலேயே ஒரு பையில் இருக்கட்டும். குடும்பத்தின் படத்தை ஃபிளெக்ஸ் பேனரில் போடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளை அதே பள்ளிக்குப் போக வேண்டும்.

பல்கலைக்கழக, பள்ளிக்கல்வி நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. வீடு சீரமைக்கும் அணிகளுக்கு மழைக்காலப் பார்வையிடல், பூச்சு நனைக்கும் பத்து நாள், முகாமுக்குப் பிந்தைய அக்டோபர் மழையில் மறுபார்வை ஆகிய மூன்றையும் 120 மணி நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். காலையும் மாலையும் வாளியோடு வந்து, புதுப் பூச்சின் மேல் தொங்கவிட்ட சாக்கை நனைத்துவிட்டுப் போகும் இரண்டு மாணவர்களின் வேலைக்கு இன்று எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அதனால்தான் அந்த வேலை நடப்பதில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்திட்ட பார்வையிடல் அறிக்கை இல்லாமல் எந்த வீட்டிலும் வேலை தொடங்கக்கூடாது என்றும் உத்தரவிடுங்கள். செலவுத் தொகையில் ஒரு பகுதியை முகாமிலேயே தீர்த்துவிடாமல் மறுபார்வைக்கு நிறுத்திவைக்கவும் வழி செய்யுங்கள். முதல் மழையில் ஓரிடம் ஒழுகினால் அடைப்பதற்கு அப்போது கையில் காசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பணியாளர்கள், முன்னாள் முகாம் அலுவலர்கள் சிலர்
திருவாரூர் மாவட்டம்